பேசாத டீச்சர்

சிலேட்டு டீச்சர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். மகாராணி மாதிரி.

மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டாஃப் ரூமில் அவரவர் டப்பாவைத் திறந்திருந்தார்கள். ஸ்பீக்கர் டீச்சருக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு பெயரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்தவை.

சிலேட்டு டீச்சருக்குக் குரல்வளையில் சின்னதாய் ஒரு முடிச்சு. ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவாள். நோட்டு திருத்துவாள். மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவள் பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பது ஸ்பீக்கர் டீச்சர். நடுவிலிருந்த மடக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டு வகுப்புக்கும் ஒரே தொண்டை.

அந்தத் தொண்டையும் பள்ளி திறந்ததிலிருந்தே சரியில்லை. காலையில் ரம்பம் போலக் கரகரக்கும். கடைசி மணிக்குள் வெறும் காற்றாகிவிடும். எச்சில் விழுங்கினால் உள்ளே ஏதோ உரசும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பொழுதை ஓட்டிவிடுவாள். டாக்டரிடம் காட்டுவதற்கு நேரம் வேண்டுமே.

நோயாளியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

ஆனால் வயிறு எரிந்தது. சிலேட்டு டீச்சரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்துவிட்டது. கன்னம்கூடக் கொஞ்சம் மினுமினுக்கிறது. அவளைக் கண்டால் பிள்ளைகளும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நாள் முழுக்கக் கத்துகிறவளுக்கு இல்லாத மரியாதை, வாய் திறக்காதவளுக்கு.

ஓவிய டீச்சர் சும்மா இருக்கவில்லை.

"இவங்க வாய் மூடினதுல இவங்க வீட்டுக்காரர் ஒரு சுத்துப் பெருத்துட்டாராமே!"

அறையே சிரித்தது. சிலேட்டு டீச்சரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பில்கூடச் சேமிப்பு, என்று நினைத்துக்கொண்டாள் ஸ்பீக்கர் டீச்சர்.

வாசலில் தலைமை ஆசிரியையின் முகம் எட்டிப் பார்த்தது. முதலில் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிச்சாச்சு. கொடுத்து வச்சவங்கம்மா நீங்க." பிறகு இந்தப் பக்கம். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் நீங்கதானே டீச்சர்? உங்களை விட்டா எனக்கு யாரு?"

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஸ்பீக்கர் டீச்சர் என்றைக்கும் உருகிவிடுவாள். தலை தானாக ஆடத் தொடங்கியது.

அதற்குள் பக்கத்தில் பல்பம் கிறீச்சிட்டது. எழுந்து வந்திருந்த சிலேட்டு டீச்சர், இவளுக்கு மட்டும் தெரியும்படி சிலேட்டைச் சரித்துப் பிடித்தாள்.

'சனிக்கிழமை டாக்டர்கிட்ட எனக்கு அப்பாயின்ட்மென்ட். இந்தத் தடவை பேசாம நீங்க போங்கக்கா.'

'இந்தத் தடவை'க்குக் கீழே அழுத்தி ஒரு கோடு.

போன தடவை அது ஸ்பீக்கர் டீச்சருடைய அப்பாயின்ட்மென்ட். வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அந்தச் சனிக்கிழமைக்கும் இப்படித்தான் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வந்து சேர்ந்தது. கிடைத்ததை வீணாக்குவானேன் என்று, சளி பிடித்து லேசாகக் குரல் கம்மியிருந்த சிலேட்டு டீச்சரிடம் தூக்கிக் கொடுத்தாள். எனக்கு ஒன்றுமில்லைக்கா என்று அவள் மறுக்க மறுக்க, சும்மா போய்க் காட்டிவிட்டு வா என்று அனுப்பியும் வைத்தாள்.

கொடுத்து வைத்தவளாம். கொடுத்தது யாரென்று தலைமை ஆசிரியைக்குத் தெரியாது.

அவர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆடிக்கொண்டிருந்த தலையை ஸ்பீக்கர் டீச்சர் நிறுத்தினாள்.