மாறத் தெரியாதவர்

கெய்ரோவில் தன்னம்பிக்கை மணிக்கு முந்நூறு பவுண்டு. தேநீர் இனாம்.

பணத்தை மேசையில் வைத்துவிட்டு வக்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஒரு வங்கியின் பழைய கணினிகளோடு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். வங்கி கணினிகளை மாற்றியபோது இவரையும் சேர்த்து மாற்றிவிட்டது.

நேர்காணலுக்கு ஆள் தயார் செய்வது நெர்மினின் தொழில். அவளிடம் வந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். வக்திக்கு மட்டும் இது முப்பத்தொன்றாவது திங்கட்கிழமை.

"சொல்லுங்க உஸ்தாத்." பெரியவர்களை அந்த ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "புதுசா ஒண்ணு வந்து, அதுக்கேத்த மாதிரி நீங்க மாறின சம்பவம் ஏதாவது?"

வக்தியின் முகம் மலர்ந்தது. "எனக்குக் கீரைல பூண்டு போட்டா ஆகாது. கல்யாணமான புதுசுல சம்சாரம் அள்ளிப் போடுவா. ஒரே வருஷம்! பூண்டு இல்லாட்டி எனக்குச் சோறே இறங்கல. அவ போனப்புறம்..."

"கம்பெனிக்காரன் சாஃப்ட்வேரைக் கேக்கறான் உஸ்தாத், பூண்டை இல்ல."

"அதான் வரேன். அவ போனப்புறம் நானே சமைச்சுப் பார்த்தேன்..."

"போன வாரம் கத்தரிக்காய். அதுக்கு முந்தி மாமியார் வீட்டுக் கிளி. நீங்க வேலை தேடறீங்களா, பொண்ணு தேடறீங்களா?"

வக்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெர்மினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கடைத்தெருவில் துணி வியாபாரியின் மகளாக வளர்ந்தவள். பேரம் பேசாதவனிடம் வாங்கிய காசு கையில் ஒட்டாது என்பது அப்பா சொன்னது. கை நிறையச் சம்பாதிப்பவனே இருநூற்றைம்பதுக்கு மல்லுக்கட்டும் ஊரில், இவர் ஒரு நாளும் பேரம் பேசியதில்லை. மதியம் சரியாக ஒரு மணிக்கு வருவார். ஒன்று ஐம்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடுவார். காசு கொடுத்த அந்த மீதிப் பத்து நிமிடத்தைக்கூடக் கேட்டதில்லை.

பணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்குக் காசு வேண்டாம். இனிமே வகுப்பும் வேண்டாம். தெரிஞ்ச கம்பெனில கெஞ்சிக் கூத்தாடி உங்களுக்கு நிஜ நேர்காணல் வாங்கியிருக்கேன். பூண்டு, கிளி எதுவும் வாயிலேர்ந்து வரக்கூடாது. வேலை நிச்சயம்."

வக்தியின் சிரிப்பு நின்றது. "அப்ப நான் இங்க வர வேண்டாமா?"

"எதுக்கு வரணும்? நாளைக்குக் காலைல பத்து மணி. தாடியை மட்டும் ஒழுங்கா மழிச்சுட்டுப் போங்க."

"காலைல எப்படிம்மா? லீவு சொல்லணுமே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"லீவா? யார்கிட்ட?"

வக்தி பணத்தை மறுபடி அவள் பக்கமே நகர்த்தினார். மணி ஒன்று ஐம்பது. முதல் தடவையாக அவர் எழுந்திருக்கவில்லை.

"மூணாவது வாரமே வேலை கிடைச்சிருச்சும்மா. மிச்சம் இருபத்தெட்டு வாரமும், 'சொல்லுங்க உஸ்தாத்'னு ஆரம்பிப்பியே, அதைக் கேக்கத்தான் வந்தேன்."