கழராத பிளக்

“நீர் தந்த பிளக் எங்கடை வீட்டுக்குச் சரிவராது.”

றிச்சர்ட் மாஸ்ரர் தங்க முலாம் பூசிய ஸ்பீக்கர் வயர்ப் பிளக் இரண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கடைக்காரன் கிருஷாந்துக்கு முகம் கறுத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமைதான் சுன்னாகம் சந்தைக்கே கேட்கும்படி சத்தியம் பண்ணியிருந்தான். இந்தப் பிளக் கழர்ந்தால் கடையைப் பூட்டிவிட்டு வெங்காயம் நடப் போவானாம்.

மாஸ்ரர் தெல்லிப்பழையில் முப்பத்தைந்து வருசம் கணக்குப் படிப்பித்தவர். அவர் ஒரு சாமானைச் ‘சரியில்லை’ என்றால், பென்சன் எடுத்த வாத்திமார் ஒருவரும் அந்தக் கடைப் படி மிதிக்கமாட்டார்கள். கிருஷாந்தும் அவரிடம் குட்டு வாங்கிப் படித்தவன்தான். பயம் இல்லாமல் இருக்குமா?

பாட்டுச் செற்றையும் அவனிடம்தான் வாங்கினார். இனியாவது ஆசைப்பட்டதை வாங்குங்கோ என்று மனைவி சீலா ரீச்சர் பிடித்துத் தள்ளியதில், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு ஹோலுக்குள் வந்து நின்றன. அன்றிலிருந்து பின்னேரமானால் மாஸ்ரர் நடுவில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே அளவாய்க் கேட்கவேண்டுமென்று நாடா பிடித்து அளந்து போட்ட ஒற்றைக் கதிரை. பாட்டு முடியும்வரை ஒருவரோடும் ஒரு சொல் கதைக்கமாட்டார்.

ஒரு மாதம் நன்றாய்ப் போனது. பிறகு பிடித்தது சனியன். ஐந்து மணிக்கு முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமை. பின்னுக்கு வயர் கழர்ந்து தொங்கும். அங்கே குனிய மாஸ்ரரின் முழங்கால் லேசில் விடாது, பொழுதுபட்டால் கண்ணும் பிடிக்காது. விடிந்த பிறகுதான் ஒருமாதிரி மாட்டுவார்.

“ஒரு பக்கப் பாட்டை மனிசன் கேப்பானே? பிறகென்ன, குசினிக்குள்ளை போயிருந்து அவவோடை இருளுமட்டும் கதைச்சுக்கொண்டிருக்க வேண்டியதுதான்” என்று முதல்முறை வந்தபோது முறைப்பட்டிருந்தார்.

கிருஷாந் சும்மா விடவில்லை. செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கிச் செருகியிருந்ததை மாற்றி ஊசி முனை போட்டுக் கொடுத்தான். அது கழர்ந்தது. நடு வயிறு பருத்த பனானா பிளக் கொடுத்தான். அதுவும் கழர்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டுப் பிளக். உள்ளே தள்ளித் திருகினால் துளைக்குள் விரிந்து கவ்விக்கொள்ளும்.

“வடிவாத் திருகினனீங்களோ, சேர்?”

“ஓம். இறுக்கித்தான் திருகினனான்.”

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. வீட்டில் பூனை நிற்கிறதோ, எலித் தொல்லையோ என்று விசாரித்தான். இல்லை இல்லையென்று மாஸ்ரர் தலையை ஆட்டினார். அவருடைய பைக்குள் ஒரு நோவெண்ணெய்ப் போத்தல் தெரிந்தது. முழங்காலுக்கோ என்று கேட்டான். சீலாவுக்கு என்றார் மாஸ்ரர். விரல் மூட்டு இந்தக் கிழமை நன்றாய் வீங்கிப்போய்விட்டதாம். தேங்காய் துருவுவதைக் குறைக்கச் சொல்லுங்கோ என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, கிருஷாந் தன் மானப் பிரச்சினைக்குத் திரும்பினான்.

கவட்டைத் தடிபோல இரண்டாய்ப் பிரிந்த முனை ஒன்றை எடுத்து, மேசையிலிருந்த அம்பிளிபையரில் மாட்டித் திருகாணியை இறுக்கினான். ஆனை இழுத்தாலும் வராது என்றான். மாஸ்ரர் அதை இரண்டு விரல் நுனியால் மெல்ல இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கிருஷாந் மாட்டிக் காட்டிய அடுத்த பிளக்கையும் அப்படியே இழுத்துப் பார்த்தார். அதுவும் பிடிக்கவில்லை.

கிருஷாந்துக்கு ரோசம் வந்துவிட்டது. தானே வீட்டுக்கு வந்து வயரை ஈயம் உருக்கி ஒட்டிவிடுவதாகவும், பிறகு வீடு கழர்ந்தாலும் வயர் கழராது என்றும் சொன்னான். மாஸ்ரர் பதறிப்போனார். அந்த வேலை மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

மேசை மூலையில், எறிவதற்கென்று பழைய பிளக்குகளைப் போட்டுவைத்த தகர ரின் ஒன்று இருந்தது. எல்லாம் வில்லுத் தளர்ந்தவை. மாஸ்ரர் அதைக் கிளறி, ஒன்றை எடுத்து அம்பிளிபையரில் செருகிச் சின்னவிரலால் தட்டினார். பிளக் கழர்ந்து மேசையில் விழுந்தது. மாஸ்ரரின் முகத்தில் அன்றைக்கு அப்போதுதான் முதற்சிரிப்பு.

“உதிலை ரண்டு தாரும். இடப்பக்கத்துக்கு மட்டும்.”

கிருஷாந் அழுதுவிடுவான் போலிருந்தது. “சேர், பூட்டுப் பிளக்கே கழர்ந்த வீட்டிலை இது ஒரு நிமிசமும் நில்லாது.”

“அது எங்கை கழர்ந்தது? ஒரு கிழமையா அசையவே இல்லை. அவ தேத்தண்ணியைக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்திலை வைச்சிட்டு, ஒண்டும் கதைக்காமல் போறா.”

மாஸ்ரர் தளர்ந்த பிளக் இரண்டையும் நோவெண்ணெய்ப் போத்தலோடு பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இறுக்கமெண்டால் சீலாவுக்குக் கழட்ட விரல் நோகுது, தம்பி.”