ஆறாம் மேஜை ஜோடி

உள்ளே எத்தனை உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதை வாசல் பலகையில் பார்த்த பிறகுதான் சுற்றுலாப் பயணிகள் நுழைந்தார்கள். அதனால் கோவையின் அந்தப் பெரிய உணவுக்கூடம் உள்ளூர்க்காரர்களைச் சாப்பிடும் வேலைக்கு வைத்திருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கந்தவேலுவும் மில்லில் வேலை பார்த்த சுலோச்சனாவும் ஆறாம் மேஜையில் கணவன் மனைவியாக நடித்தார்கள். இருவருமே துணையை இழந்தவர்கள். மூன்று வருடமாகத் தினமும் மதியம் பேசிச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று கந்தவேலு பக்கத்தில் வேறொரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காங்க. இன்னைக்கு இவங்கதான் உங்க சம்சாரம்," என்றார் மேற்பார்வையாளர்.

கந்தவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, இரண்டு பேருக்கு அரிசிம்பருப்பு சாதம் பொட்டலம் கட்டச் சொன்னார்.

"பாதில எந்திரிச்சுப் போனா நாளைக்கு வேலை இருக்காதுங்க."

"செரிங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த சுலோச்சனா அவரைப் பார்த்துத் திகைத்தார். "ஏனுங்க, இங்க நம்மளப் பாக்கறதுக்கு யாருமே இல்லீங்களே?"

"இருக்கட்டுங்க," என்று கந்தவேலு பொட்டலத்தைப் பிரித்தார். "சூடு ஆறதுக்குள்ள சாப்பிடலாங்க."