பல்லால் பிரித்த பெட்டி

பிறந்தநாளுக்கு மனைவி ஷீபா வாங்கிவந்த வீடியோ கேமை ஜெரால்டு பிரிக்கவே இல்லை. புது கேம் கைக்கு வந்தால் கடை வாசலிலேயே பிளாஸ்டிக் உறையின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறவன் அவன். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்கே அவள் சிரிப்பாள். இப்போது கோர்ட்டு சம்மன் வந்தவனைப்போல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“போன தடவையும் இதே குதிரைதான். அதுக்கு முந்தினதுல இதே மலை. விளம்பரத்துல அவ்வளவு பெரிய கோட்டையக் காட்டுனானுங்க. மூணு நாள் வெளையாடி அங்க போய்ச் சேர்ந்தா, கதவு வெறும் செவுத்துல வரைஞ்ச படம். திருட்டுப் பசங்க.”

“இது நல்லாருக்குன்னு கடைக்காரர் சொன்னாருங்க.”

“அவன் எதத்தான் நல்லால்லன்னு சொன்னான்? ரெண்டு வருஷமா நான் ஒண்ணாவது வாங்கிப் பாத்தியா? ஆசையே செத்துப்போச்சு. உன்னை யாரு வாங்கச் சொன்னது?”

ஷீபா பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். உறையின் மூலையைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் கிழித்து, அவன் மடியில் போட்டாள்.

“செத்துப்போனது கேம் மேல இருந்த ஆசை மட்டும்தானா?”

அவன் பெட்டியில் அச்சடித்திருந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நகரவில்லை. கீழுதட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துணுக்கைத் துடைக்கவும் இல்லை.