‘மற்றும்’ இருந்த இடத்தில்

“பதினேழாம் நம்பரைத் தொடாதீங்க. பத்து நிமிஷம் பொறுங்க.”

பிணவறைக்காரர் கையுறையைக் கழற்றாமலே வாசலில் நின்றார். “லிஸ்ட் வராம நான் யாரைத் தொடப்போறேன் சார்? அப்பா செத்த மறுநாளே ஆபீசுக்கு வந்து உக்காந்திருக்கீங்களே, வேற ஆளே இல்லையா?”

வேறு ஆள் இருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் புள்ளிவிவரக்காரர் தன் நாற்காலியைப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறை அது. நகரத்தில் வீட்டில் இறந்தவர்கள் எல்லாரும் காலையில் இவருடைய கம்ப்யூட்டருக்கு ஆளுக்கொரு வரியாக வந்துவிடுவார்கள். ‘ஆர்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் இவரே எழுதிய ஒரு நிபந்தனை அவர்களை இரண்டாகப் பிரிக்கும். வயது எழுபதுக்கு மேல், ‘மற்றும்’ கடைசி மூன்று மாதத்துக்குள் டாக்டர் பார்த்திருக்கிறார் என்றால் இயற்கை மரணம், உடலைக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் பரிசோதனை, அதாவது கத்தி.

அப்பாவுக்கு எழுபத்து நாலு. வயதில் குறையில்லை. ஆனால் டாக்டர் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. “ஊசி போட்டு என்னத்தைக் கண்டோம், நானே பாத்துக்கறேன்” என்று அம்மாதான் நிறுத்திவிட்டாள்.

ஓடவிட்டுப் பார்த்தார். அப்பாவின் பதினேழாம் வரிக்கு நேரே ‘பரிசோதனை’ என்று வந்து விழுந்தது.

போன் அடித்தது. அம்மா.

“என்னடா ஆச்சு? அறுப்பாங்களா?”

“பாத்துட்டிருக்கேம்மா.”

“வயித்தைக்கூடவா திறப்பாங்க?”

“ஐயோ, அதையெல்லாம் ஏம்மா நினைக்கிற?”

“மூணு வருஷமா அந்த உடம்பைப் புரட்டிப் புரட்டித் துடைச்சவ நான்டா. இனிமே எவனும் அதுல கத்தி வெக்கக் கூடாது. உன்னால முடியும்ல?”

மூன்று வருடமாக அவள் ஒரு நாள்கூட முழுசாகத் தூங்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, “எப்படிம்மா இருக்கே” என்று கேட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்த பிள்ளை இவர். இதையாவது செய்ய வேண்டாமா?

போன வாரம் ஒரு பெண் தன் அண்ணன் உடம்பை அறுக்க வேண்டாம் என்று இதே வாசலில் நின்று கெஞ்சினாள். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லியனுப்பிய மகானுபாவரும் இவர்தான். தன் வீட்டுச் சாவு என்றதும் ரூலை வளைக்க வழி தேடுகிறார், பாருங்கள்.

அப்பாவின் வரியில் கைவைத்தால் யார் திருத்தியது என்று பதிவாகிவிடும். நிபந்தனையில் கைவைத்தால் கேட்க நாதியில்லை. ‘மற்றும்’ என்பதற்கான குறியை அழித்தார். அந்த இடத்தில் ‘அல்லது’ என்பதற்கான ஒற்றைக் கோட்டைத் தட்டினார். இனி இரண்டில் ஏதோ ஒன்று இருந்தால் போதும்.

மறுபடி ஓடவிட்டார். பதினேழு ‘இயற்கை’ ஆனது. கூடவே இன்னும் ஏழு பேர் ‘இயற்கை’ ஆனார்கள். அதில் ஒருத்திக்கு வயது இருபத்து மூன்று. போன மாதம் கை முறிந்து டாக்டரிடம் போயிருக்கிறாள்.

அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும், எட்டு வீட்டுக்கும் புண்ணியம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அச்சடித்தார். பிறகு குறியைப் பழையபடி மாற்றிவைத்தார்.

பிணவறைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன சார், தினமும் ஒன்பது பத்து வரும். இன்னைக்கு ரெண்டே ரெண்டுதானா?”

“எல்லாம் நல்ல சாவுங்க.”

“நல்லதுதான். எனக்கும் இடுப்பு வலி” என்று அவர் போய்விட்டார்.

மத்தியானமே தகனம் முடிந்தது. சாயங்காலம் உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, காலியான கட்டிலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சொன்ன மாதிரியே செஞ்சிட்டேம்மா. அப்பாவை யாரும் தொடலை.”

நேற்றிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் இருந்தவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பெற்றவளுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்ட நிம்மதி அவருக்கு.

“எல்லாம் சாம்பலாயிடுச்சாடா?”

“ஆயிடுச்சும்மா.”

“அப்ப பால்ல என்ன கலந்தேன்னு இனி யாருக்கும் தெரியாதில்ல?”