பெயரில்லாத நட்சத்திரம்

ஹாலிவுட் நடைபாதையில் வெயில் கண்ணைக் குத்துகிறது. பெரிய நடிகர்களின் பெயர் பொறித்த நட்சத்திரக் கற்கள் வரிசையாக மின்ன, நாங்கள் பெயரே இல்லாத ஒன்றைச் சுற்றி நிற்கிறோம். எங்கள் பழைய நண்பர், நடிகர் ஆர்லோ ப்ரிக்ஸ் நேற்றுச் செத்துப்போனார். ஐம்பது வருடம் வில்லனாக நடித்தவருக்கு இங்கே ஒரு கல் கிடையாது. அதற்குப் பணம் கட்ட எந்த ஸ்டுடியோவும் முன்வரவில்லை. அதனால் எங்களில் ஒருத்தி, லூப்பே, மண்டியிட்டு, தன் உதட்டுச் சாயத்தால் அவர் பெயரை அந்த வெறுங்கல்லில் எழுதுகிறாள். எழுத எழுதச் சாயம் வெயிலில் இளகுகிறது. மார்லீன் கார்னேஷன் பூக்களைச் சுற்றிலும் அடுக்குகிறாள். "படத்துல எவ்வளவு அழகா சாவாரு மனுஷன்!" என்கிறாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்துகிறோம். ஸ்டுடியோ ஆள் ஒருவன் ஆளுயர மலர்வளையத்தோடு வருகிறான், பின்னால் கேமராக்காரன். ஸ்டுடியோ ஆள் கல்லைப் பார்த்து முகம் சுளிக்கிறான். "என்னம்மா இது, கிறுக்கி வெச்ச மாதிரி? போட்டோல நல்லா இருக்காது." "அப்ப நீங்க பேரு வெட்டிக் குடுத்திருக்கணும், தம்பி," என்கிறாள் லூப்பே. காதில் விழாதவன் போல அவன் நாலு கல் தள்ளிப் போய், கதாநாயகன் டெக்ஸ்டர் ஹேலின் பளபளக்கும் நட்சத்திரத்தின் மேல் வளையத்தை நிறுத்துகிறான். "இவரு கூடத்தானே நடிச்சாரு? இங்கயே இருக்கட்டும்." கேமரா மின்னுகிறது. கூட நடித்தாராம். படத்துக்குப் படம் அந்த ஹேல் கையால் சுடப்பட்டு, அவன் காலடியில் விழுந்து செத்தவர் ஆர்லோ. இன்றைக்கும் அங்கேயேதான் கிடத்துகிறார்கள்.