கம்பத்து ஒயின் ஜோடி தேடிய கதை

கம்பம் திராட்சையில் பிறந்த சிவப்பு ஒயின் விருந்து மேஜைக்கு வந்ததும், மட்டன் சுக்கா வாய் நிறையக் கூப்பிட்டது. "வா தம்பி, என் பக்கத்துல உட்காரு. நமக்கு நல்லா ஒத்துப்போகும்."

"இல்லக்கா, என் தரத்துக்கு சீஸ்தான் சரிப்படும்" என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மேஜையின் அந்தக் கோடிக்குப் போனது ஒயின்.

அங்கிருந்த வெளிநாட்டு சீஸ் அதை ஏற இறங்கப் பார்த்தது. "எந்த ஊர் நீ?"

"கம்பம்."

"கேள்விப்பட்டதே இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது சீஸ்.

ஒயினுக்குக் கார்க் வரைக்கும் கூசிப்போனது. ஓசைப்படாமல் திரும்பி வந்து சுக்காவை ஒட்டி நின்றது.

"என்ன தம்பி, சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?"

"எனக்குத்தான் பிடிக்கலைக்கா. கிட்டப் போனா ஒரே நாத்தம்."

"இருக்கும், இருக்கும்" என்று நகர்ந்து இடம் விட்டது சுக்கா.